மன்னிக்கப் போன சனிக்கிழமை

அன்னபாக்கியம் அக்காவை மன்னிப்பதற்காக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் வீட்டை விட்டுப் புறப்பட்டேன்.

சாதாரணமாகப் புறப்படவில்லை. தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, கொஞ்சம் பவுடரும் பூசிக்கொண்டேன். மன்னிக்கிறவளுக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். “அக்கா, நீங்கள் எனக்குச் செய்த எல்லாவற்றையும் நான் கர்த்தருக்குள் மன்னித்துவிட்டேன்.” ‘எல்லாவற்றையும்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும். ‘கர்த்தருக்குள்’ என்னும்போது கண்ணை லேசாக மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் நாடகம் போடுகிற டீச்சர் நான். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசலில் அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“அன்னபாக்கியம் அக்காவை மன்னிச்சிட்டு வாரேன்.”

“சட்டுன்னு முடிச்சிட்டு வா. ஆறு மணிக்கு ஆயத்த ஆராதனை.”

கத்தரிக்காய் வாங்கிவரப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் இதே குரலில்தான் பதில் வந்திருக்கும்.

இருதயமும் இஸ்திரிப் பெட்டியும்

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள் முந்தின நாளே இருதயத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒழுங்கு. அதற்கென்றே சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆராதனை உண்டு. அதுதான் ஆயத்த ஆராதனை.

ஆயத்தத்தில் நாங்கள் குறை வைத்ததே கிடையாது. சனிக்கிழமை காலையிலேயே தூத்துக்குடியில் பாதி கிறிஸ்தவ வீடுகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரி புகையும். இஸ்திரிப் பெட்டி சூடாகும். உப்புக்காற்றில் விறைத்துப்போன வேட்டிகளும் சேலைகளும் மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் வரிசையாகப் படுக்கும். ஆண்கள் முகம் மழித்து நகம் வெட்டுவார்கள். பெண்கள் நகைப்பெட்டியைத் திறந்து, எதைப் போட்டால் அடக்கமாகவும் தெரியும், அடுத்த பெஞ்சுக்கும் தெரியும் என்று யோசிப்பார்கள். எல்லாம் முடிந்து ஆறு மணிக்குக் கோயிலில் போய் உட்காரும்போது இருதயத்துக்கென்று மிஞ்சுவது அரைமணி நேரம். அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும்.

உலக யுத்த காலம் அது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சீனிக்குத் தட்டுப்பாடு, காகிதத்துக்குத் தட்டுப்பாடு. மனஸ்தாபத்துக்கு மட்டும் எங்கள் சபையில் தட்டுப்பாடே வரவில்லை. யார் எந்த பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று வெளியூர்க்காரர்கூடச் சொல்லிவிடலாம்.

அந்த நேரத்தில்தான் புது ஐயர் வந்து சேர்ந்தார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் மானேஜர். இரண்டு மாதம் ஒன்றும் பேசாமல் எங்களைப் பார்த்தார். மூன்றாவது மாதம் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று சொன்னார்:

“பலிபீடத்தண்டை காணிக்கையோடு வருகிறவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும். இது என் சொந்தக் கருத்து அல்ல. வருகிற சனிக்கிழமை ஆயத்த ஆராதனைக்கு முன்னால் எல்லாரும் என்னிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்பேன். யாரோடாவது மனக்கசப்பு உண்டா? உண்டென்றால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வராமல் இருந்த இடத்திலேயே இருங்கள்.”

வெளியே சங்குகளைக் குவித்து அழுகவிடும் கிட்டங்கியிலிருந்து வருகிற நாற்றம்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது போலிருந்தது.

மன்னிப்பு வாரம்

அடுத்த ஆறு நாளும் ஊரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதா? ஊர் என்ன பேசும்? எனவே எல்லாரும் ஒப்புரவாகக் கிளம்பினார்கள். ஒப்புரவாவது என்றால் எதிராளி வீட்டுக்குப் போய், அவர் செய்த தப்பை அவருக்கு ஞாபகப்படுத்தி, அதை மன்னித்துவிட்டதாக அறிவித்து, காப்பி குடித்துவிட்டு வருவது. மன்னிப்புக் கேட்கப் போனதாக ஒருவரைப் பற்றியும் நான் கேள்விப்படவில்லை. கொடுக்கத்தான் ஆள் இருந்தது, தாராளமாக.

அப்பா கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. சபைக் கமிட்டியிலும் இருந்தார். துறைமுகத்தில் எடை பார்க்கும் சாமுவேல் மாமாவோடு அவருக்கு ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. அப்பா செவ்வாய்க்கிழமையே மன்னிக்கப் போய்விட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

“சாமுவேல், நான் ஒன்னைய மன்னிச்சிட்டேன்” என்றார் அப்பா, உட்காருவதற்கு முன்பே.

சாமுவேல் மாமா விழித்தார். “எதுக்கு அண்ணாச்சி?”

“ஒம் மக கல்யாணத்துல என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வச்சேல்லா? அதுக்கு.”

“அதுக்கா அஞ்சு வருசமா மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறீய? நான் ஒங்களுக்குக் காது கேக்கலன்னுல்லா நெனச்சேன்.”

“பரவால்ல. மன்னிச்சிட்டேன்.”

“அண்ணாச்சி, நீங்க வந்ததே லேட்டு. மொறப்படி பாத்தா மூணாம் பந்தியிலதான் உக்கார வச்சிருக்கணும்.”

நாங்கள் காப்பி குடிக்காமல் திரும்பினோம். போகும்போது அப்பாவிடம் ஒரு குறை இருந்தது. வரும்போது இரண்டு. ஆனால் சனிக்கிழமை இரண்டு பேருமே ஐயரிடம் போய் “மனக்கசப்பு இல்லை” என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். முதலில் கொடுத்தவர் சாமுவேல் மாமா.

கடற்கரைத் தெருவில் எனக்கு ஒரு கத்தோலிக்க சிநேகிதி இருந்தாள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நடந்த வருஷங்களில் முத்தும் குளித்தவர். எங்கள் மன்னிப்பு வாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு. சாமியார்ட்ட முழங்கால் போட்டு நாம என்ன செஞ்சோம்னு சொல்லணும். அடுத்தவங்க செஞ்சதச் சொன்னா, ‘அது அவங்க வந்து சொல்லட்டும், நீ ஒன்னோடதச் சொல்லு’ன்னுருவாரு. ஒங்க ஆளுங்க கத நல்லாருக்கே!”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “எங்கப்பா தோணி ஏறுறதுக்கு முன்னால சாமியார்ட்ட போயிட்டுத்தான் ஏறுவாரு. உள்ள முங்குனா மேல வருவமான்னு தெரியாதுல்லா.”

நாங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்காதவர்கள். எங்களுக்கு இஸ்திரி போட்டால் போதுமாயிருந்தது.

என் வாயின் நீளம்

அன்னபாக்கியம் அக்கா எனக்குச் செய்த குற்றம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி சாத்தான்குளத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். அவரும் அவருடைய அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் திரும்பும்போது, தூரத்து உறவு என்று அன்னபாக்கியம் அக்கா வீட்டில் ஏறி விசாரித்திருக்கிறார்கள். “பொண்ணு நல்ல பொண்ணுதான். வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெண் இன்னும் சற்று அடக்கமாயிருந்தால் நலம் என்று அபிப்பிராயப்படுவதாக எழுதியிருந்தார்கள். நான் எவ்வளவு அடக்கமானவள் என்பதை விளக்கி அன்றைக்கே நாலு பக்கம் பதில் எழுதினேன். அப்பா வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

அதிலிருந்து அன்னபாக்கியம் அக்காவோடு நான் பேசுவதில்லை. இதில் ஒரு சின்னச் சிக்கல். நாங்கள் இரண்டு பேரும் பாட்டுக்குழுவில் பக்கத்துப் பக்கத்து இடம். காகிதத் தட்டுப்பாட்டில் பாட்டுப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று. ஒரு பக்கத்து அட்டையை நான் பிடிப்பேன், மறுபக்கத்தை அவள் பிடிப்பாள். விரல் படாமல் பக்கம் புரட்டுவதில் இரண்டு வருஷத்தில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டோம். அன்பைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் அந்தப் புத்தகத்தில் எத்தனை பாட்டு உண்டோ அத்தனையும் அப்படித்தான் பாடினோம்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. தையல் மெஷின் வைத்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். வீட்டில் அவளும் மெஷினும்தான்.

வாசலில்

நான் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் காலை நிறுத்தினாள். வாயில் இரண்டு குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

“வா. உக்காரு.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சேலை கசங்கும், வாக்கியமும் கசங்கும். குரலைத் தாழ்த்தி, கண்ணை லேசாக மூடி, ஒத்திகை பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

நான் எதிர்பார்த்தது இதுதான்: ‘ஐயோ, நான் எங்க அப்படிச் சொன்னேன்’ என்று அவள் சாதிப்பாள், ‘அதனால் என்ன அக்கா, சொல்லியிருந்தாலும் மன்னிச்சேன்’ என்று நான் பெரிய மனசு காட்டுவேன்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றாள் அவள். “வேணும்னுதான் சொன்னேன்.”

லேசாக மூடியிருந்த என் கண் திறந்துகொண்டது.

“அவங்க வந்து கேக்கும்போது மெஷின்ல ஒரு கல்யாண ரவிக்கை கெடந்துச்சு. இந்த ஊர்ல யாருக்குக் கல்யாணம்னாலும் நாந்தான தைக்கேன்? அடுத்தது ஒனக்குத் தைக்கணும்னு நெனச்சேன். வயிறு எரிஞ்சுது. வாயில வந்துட்டு. சொன்னதும் ஒரு சந்தோசமாத்தான் இருந்துச்சு. சாப்பிட உக்காந்தப்ப சோறு எறங்கல.”

“அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்லுதேன்லா” என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

“நீ எங்க மன்னிச்ச? ஜோடிச்சிக்கிட்டு வந்து நிக்க. ஐயர் வாசிச்சத நல்லாக் கேட்டியா? நம்மமேல யாருக்குக் குறையிருக்கோ அவங்ககிட்ட நாம போவணும்னு இருக்கு. நமக்கு யார்மேல குறையோ அவங்க வீட்டுக்குப் போன்னா இருக்கு? ஊரே தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு அலையுது. நாந்தான் ஒன் வீட்டுக்கு வரணும். ரெண்டு வருசத்துல எத்தன தடவ ஒன் தெரு முக்கு வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன் தெரியுமா?”

வேதபாட வகுப்பு எடுக்கிற டீச்சர் நான். ரவிக்கை தைக்கிறவள் எனக்கு வேதம் சொல்லுகிறாள். அதைவிடப் பெரிய கோபம் என்னவென்றால், அவள் சொன்னது சரி.

“அப்ப நீங்க மொதல்ல வந்து கேளுங்க. பெறகு மன்னிக்கதப் பத்தி நான் யோசிக்கேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். வாய் நீளம் என்று அவள் சொன்னதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஐந்தரை மணிக்குக் கோயிலை ஒட்டிய ஐயர் அறையில் வரிசையாக நின்றோம். என் முறை வந்தது. “யாரோடாவது மனக்கசப்பு உண்டா?”

எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் “இல்லை ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அதே இரண்டு வார்த்தைதான். ஏனோ வரவில்லை.

“உண்டு ஐயா” என்றேன்.

எனக்கு நாலு பேருக்குப் பின்னால் நின்ற அன்னபாக்கியம் அக்காவும் அதையேதான் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. கமிட்டி மெம்பரின் மகள் ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்லாதவளாகப் போனது அப்பாவுக்குப் பெரிய அவமானம்.

சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்து நேரம். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். பெரியவர்களில் உட்கார்ந்தே இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். பாட்டுக்குழுப் பெண்களும் எழுந்து போய்விட்டதால், அவர்கள் திரும்பி வரும்வரை பாட்டை இழுத்துக்கொண்டு போகும் பொறுப்பும் எங்கள் தலையில். ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு பாடினோம். சபையில் இருக்கிற ஒரே இரண்டு பாவிகள் பாட, நீதிமான்கள் எல்லாரும் வரிசையில் நகர்ந்தார்கள்.

பீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதியில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்தான் முழங்கால் போட முடியும். எப்போதும் கமிட்டிக்காரர்கள் முதலில் போவார்கள். அன்றைக்கு ஐயர், பெயர் கொடுத்த வரிசைப்படி வரச் சொல்லியிருந்தார். சாமுவேல் மாமா முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டார். அப்பா பதின்மூன்றாவது. மணி அடிக்கிற கோயில் பிள்ளை அவருக்கு முன்னால் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, சாமுவேல் மாமாவின் முதுகையே பார்த்தபடி நின்றார்.

பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அன்னபாக்கியம் அக்கா சொன்னாள்:

“பாத்தியா, இங்கயும் ஒங்கப்பாவுக்கு ரெண்டாம் பந்திதான்.”

நான் சிரித்தேன். அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாகப் பன்றி உறுமுகிற மாதிரி வெளியே வந்தது. பாட்டு நின்றது. கிராதியில் இருந்த பன்னிரண்டு தலைகளும் திரும்பின.

ஆராதனை முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் ஐயர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டி முழுவதும் நின்றது, அப்பா உட்பட. ஐயர் முகம் சிவந்திருந்தது. “பரிசுத்தமான நேரத்தில் சிரித்தது யார்?”

மானேஜர் நினைத்தால் திங்கட்கிழமையே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம்.

“நாந்தான் ஐயா” என்றாள் அன்னபாக்கியம் அக்கா.

மூன்று மாதம் திருவிருந்து கிடையாது, பாட்டுக்குழுவிலிருந்தும் நீக்கம் என்று ஐயர் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். ஊரெல்லாம் நீளம் என்று பேர் வாங்கிய என் வாய் அந்த நேரத்தில் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “தப்பிச்ச.”

வீட்டுச் சேலையோடு

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கும் ஒருநாள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இப்போது குறை என்மேல்தான். யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

கட்டியிருந்த சேலையோடு முதலில் ஐயர் வீட்டுக்குப் போனேன். “சிரிச்சது நான் ஐயா” என்றேன். ஐயர் மெச்சிக்கொள்வார் என்று உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் மெச்சவில்லை. “அப்படியானால் அந்த அம்மாள் என்னிடம் பொய் சொன்னாளா?” என்றார். எனக்கும் மூன்று மாதம். வேதபாட வகுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு, கணக்குப் பாடம் கொடுக்கப்பட்டது. கணக்கில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார். வேலை போகவில்லை, அது அவருடைய நல்ல மனசு.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். ஒத்திகை எதுவும் இல்லை.

“என்னைய மன்னிச்சிருங்கக்கா” என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

“ஐயர்ட்ட போயிச் சொல்லிட்டியா?”

தலையை ஆட்டினேன்.

“கூறுகெட்டவளே! நான் ஒருத்தி வாங்குனது போதாதா? இப்பப் பொய் சொன்னேன்னு எனக்கு இன்னொண்ணுல்லா சேருது!” என்று சத்தம் போட்டாள். பிறகு முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துச் சொன்னாள்: “நானும் கேட்டுக்கிடுதேன். அந்தச் சாத்தான்குளத்து விசயத்துக்கு. மொகத்தப் பாத்துக் கேக்க எனக்கு வரமாட்டேங்கு.”

மூன்று மாதம் நாங்கள் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். கடற்காற்று நேராக வருகிற இடம். சபையிலேயே நல்ல இடம் அதுதான் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

நாலாவது மாதம், சனிக்கிழமை சாயங்காலம், மறுபடியும் ஐயர் அறை. இரண்டு பேரும் சேர்ந்தே போய் நின்றோம். ஐயர் திருவிருந்து நோட்டைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

“உங்களுக்குள் மனக்கசப்பு ஏதும் உண்டா?”

“உண்டு ஐயா” என்றாள் அக்கா. “காலையிலதான் ஒரு சண்ட போட்டோம். கிறிஸ்மஸ் ரவிக்கைக்கு கைமுட்டு வரைக்கும் கை வைக்கணும்ங்கா இவ. துணி காணாதுங்கேன், கேக்க மாட்டேங்கா. இன்னும் தீரல.”

ஐயர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு இரண்டு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு, “அடுத்த ஆள்” என்றார்.